தோட்டத்துப் பாத்தி உப்புப் பாத்தி ஆகாமலிருக்க

தைப்பொங்கல் முடிந்த கையோடு வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் அடுத்த பருவத்துக்கான வேலை தொடங்கிவிடும். மழைக்குத் தேங்கிய தண்ணீரை வடித்து, சேற்றை வாரி, வரப்புக் கட்டி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். ஏறக்குறைய அதே நாட்களில் நாமும் வீட்டுக் கொல்லையில் பாத்தி கட்டுகிறோம். வெண்டை ஊன்றலாமா, கீரை தூவலாமா என்று யோசிக்கிறோம். அங்கேயும் பாத்தி, இங்கேயும் பாத்தி. மேலே அடிக்கிற வெயிலும் காற்றும் ஒன்றுதான். அங்கே உப்பு விளைய வேண்டும், இங்கே விளையக் கூடாது. இராமநாதபுரம் கடலோரத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவருக்குப் பின்பனிக்கால வேலை என்பது பெரும்பாலும் இந்த ஒரு காரியம்தான்.

பின்பனி என்பது மாசியும் பங்குனியும். இரவின் பின்பாதியில் பனி இறங்கும் காலம் என்பதால் அந்தப் பெயர். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்வார்கள். ஆனால் நம் கரையில் குளிரால் எந்தச் செடியும் சாவதில்லை. குளிர்கால முடிவில் செய்ய வேண்டியவை என்று பல தோட்டக்கலைக் குறிப்புகள் உறைபனியைப் பற்றிப் பேசும். அது மலைநாட்டுக்கும் வடக்கே உள்ளவர்களுக்கும் பொருந்தும். நமக்கு இந்த இரண்டு மாதத்தின் பொருள் வேறு. மழை நின்றுவிட்டது. அடுத்த நல்ல மழை ஐப்பசியில்தான். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரத்தில் கொஞ்சம் இன்னும் மண்ணில் மிச்சம் இருக்கிறது. அதைக் காப்பாற்றினால் சித்திரையிலும் சமையலுக்கு நாலு காய் பறிக்கலாம்.

எங்கள் வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நான் தோட்டம் போட்ட முதல் வருடம் கத்தரி நன்றாக வந்தது. மாசி பாதியில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற வாடியது. பங்குனி பிறந்தபோது பாதிச் செடி போய்விட்டது. உப்பளத்தில் பல வருடம் வேலை பார்த்த மாமா ஒருவர் வந்து பார்த்தார். பாத்தியின் மேல்மண்ணை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மழை நின்னு, வெயிலேறி, காத்தும் அடிச்சா உப்பு தானா விளையும் மாப்ளே. நீ கட்டியிருக்கிறதும் உப்புப் பாத்திதான்." எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அவர் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

உப்பு எப்படி மேலே வருகிறது

குத்துவிளக்கில் எண்ணெய் கீழே கிடக்கிறது, சுடர் மேலே எரிகிறது. நடுவில் திரி எண்ணெயை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மண்ணும் அப்படியொரு திரிதான். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற மயிரிழை போன்ற இடைவெளிகள் கீழே இருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். மேல்மண்ணில் வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் ஆவியாகிப் போகும். தண்ணீரில் கரைந்திருந்த உப்பு ஆவியாகாது, அங்கேயே தங்கிவிடும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மழைக்காலத்தில் மேலிருந்து கீழே போகிற தண்ணீர் உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடுகிறது. மழை நின்றதும் தண்ணீரின் போக்கு திரும்புகிறது, கீழிருந்து மேலே. அந்தத் திருப்பம் நம் ஊரில் தை கடைசியிலும் மாசியிலும் நடக்கிறது. பின்பனிக்காலத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நாம் ஊற்றும் தண்ணீரிலேயே உப்பு இருந்தால் சேர்க்கை இன்னும் வேகமாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு உள்ள கிணற்றுத் தண்ணீரை ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளுக்கு 5 லிட்டர் வீதம் 60 நாள் ஊற்றுகிறீர்கள். மொத்தம் 300 லிட்டர். அதோடு மண்ணுக்குப் போன உப்புகள் 450 கிராம். கிட்டத்தட்ட அரைக் கிலோ, அதுவும் ஒரே ஒரு சதுர மீட்டரில்! மாடித் தொட்டிக்கும் இதே கதைதான். நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் நூறு நாளில் 150 கிராம்.

சரி, உப்பு இருந்தால் செடி ஏன் வாடுகிறது? கருவாடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மீனைக் கீறி உப்பைத் திணித்து வைத்தால் மீனுக்குள்ளிருந்து தண்ணீர் தானாக வடியும். உப்பு அதிகமாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகும் என்பது இயற்கை. வேருக்கு உள்ளே இருக்கும் சாற்றைவிட வெளியே மண்நீர் கரிப்பாகிவிட்டால், வேரால் தண்ணீரை இழுக்க முடியாமல் போகிறது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் நிற்கும். என் கத்தரிக்கு நடந்தது இதுதான். அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

கண்ணால் கண்டுபிடிக்கும் வழிகள் இருக்கின்றன. காலையில் பாத்தியின் மேட்டுப் பகுதியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அடி இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் காய்ந்து உள்நோக்கிக் கருகினால் உப்பைச் சந்தேகப்படுங்கள். விதைத்த பாத்தியில் அங்கங்கே திட்டுத் திட்டாக முளைக்காமல் போனாலும் அப்படியே. உமரிச் செடி தானே முளைத்துத் தழைக்கிற இடம் உவர் என்று எங்கள் அப்பத்தா சொல்லும், அது சரிதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையக்கூடிய உப்புகள் அதிகம், மேலே வெள்ளை பூக்கும், நல்ல தண்ணீரில் கழுவினால் குறையும். களர் நிலத்தில் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேலே போகும். தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கும், காய்ந்தால் கல்லாகும். அங்கே வெறும் தண்ணீர் விட்டுப் பயனில்லை. ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விலக்கிய பிறகுதான் கழுவ வேண்டும். பாம்பன் தீவிலும் கரையோர மணலிலும் பெரும்பாலும் உவர்தான். கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்துக் கருப்பு மண்ணில் களராகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ஜிப்சம் வாங்கிக் கொட்ட வேண்டாம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்த மண்ணுக்கென்றே அமைந்த இடம் அது, தயங்காமல் போய்க் கேட்கலாம்.

தண்ணீரை அளந்து பார்ப்பது

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடலோரத்தில் தோட்டம் போடுகிறவர் மண்வெட்டிக்கு அடுத்ததாக வாங்க வேண்டியது இதுதான் என்பேன். அதைத் தண்ணீரில் நனைத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று ஏறத்தாழச் சொல்லிவிடும். தை முதல் தேதி ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை கிணற்றுத் தண்ணீரை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரே கிணறு தையில் ஒரு எண்ணும் சித்திரையில் வேறொரு எண்ணும் காட்டும்.

ஏன் மாறுகிறது என்பது நம் ஊருக்கே உரிய சுவையான விஷயம். கடற்கரை மணலில் ஆட்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். பல இடங்களில் நாலைந்து அடியில் குடிக்கிற தண்ணீர் கிடைக்கும், அதே இடத்தில் ஆழமாகப் போர் போட்டால் உப்பாக வரும். காரணம், மழைநீர் மணலில் இறங்கிக் கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடியை நாம் இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலே வரத் துடிக்கும். மோட்டாரை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிற வீட்டுக் கிணறு கரித்துப்போவது இதனால்தான். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று மெதுவாக எடுங்கள். கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாம் என்று யார் சொன்னாலும், கடலுக்குப் பக்கத்தில் அதைச் செய்வதற்கு முன் நூறு முறை யோசியுங்கள்.

எந்த எண் வரை எந்தக் காய் தாங்கும்? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டியில் அளவுகள் உண்டு. அவற்றை டி.டி.எஸ். கணக்குக்கு மாற்றினால், விளைச்சல் குறையாமலிருக்க பீன்ஸுக்கு 450, வெங்காயத்துக்கு 500, மிளகாய்க்கு 650 வரை, தக்காளிக்கு 1,100, பீட்ரூட்டுக்கு 1,700, தட்டப்பயற்றுக்கு 2,100 என்ற அளவில் வரும். இதைத் தாண்டினால் செடி உடனே செத்துவிடாது, காய்ப்பு படிப்படியாகக் குறையும். கொத்தவரையும் பருப்புக்கீரையும் தட்டப்பயற்றைவிடவும் தாங்கும். அளவு 1,500-க்கு மேலே இருக்கிற வீட்டில் மாசியில் பீன்ஸ் போடுவது வீண். கொத்தவரை போட்டால் மனம் குளிரக் காய்க்கும்.

வீட்டில் கிடைக்கும் மற்றத் தண்ணீர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் நல்லது. ஏசி எந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதை வாளி வைத்துப் பிடித்து நாற்றுகளுக்கு விடுங்கள். துணி துவைத்த தண்ணீரில் சோடியம் இருப்பதால் காய்கறிக்கு வேண்டாம். உப்புப் போட்டு வேகவைத்து வடித்த தண்ணீரும் ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர். வீணாகிறதே என்று பலர் அதைச் செடிக்குத் திருப்பி விடுகிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. மீட்டரை நனைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதை வாசல் கழுவவோ கழிப்பறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுவதுதான் முதல் வேலை

திரியின் மேல்முனையில் சுடர் இல்லாவிட்டால் எண்ணெய் மேலே ஏறாது. மண்ணின் மேல்முகத்தில் வெயிலும் காற்றும் படாவிட்டால் உப்பும் ஏறாது. ஆகவே மண்ணை மூடுங்கள். பின்பனியில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

மூடுவதற்கு முன் இரண்டு வேலை. முதலில் நல்ல தண்ணீரால் மண்ணை ஒரு முறை ஆழமாகக் கழுவ வேண்டும். மழைநீர் சேமிப்புத் தொட்டியில் தண்ணீர் மிச்சமிருந்தால் அதற்கு இதைவிட நல்ல பயன் கிடையாது. தொட்டிச் செடியானால் அடியில் வடிகிற வரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் வடிந்துபோனால் பெரும்பகுதி உப்பு வெளியேறிவிடும். அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் மேலே வெள்ளை பூத்த அரை அங்குல மண்ணையாவது சுரண்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்து, மண் லேசாகக் காய்ந்ததும் இரண்டு அங்குல ஆழத்துக்குக் களைக்கொத்தால் கொத்திப் பொலபொலப்பாக்குங்கள். மேல்மண்ணின் இழை அறுந்துபோகும், அதாவது திரியை நடுவில் வெட்டிவிட்ட மாதிரி. 'கோடை உழவு கோடி நன்மை' என்ற பழமொழிக்குப் பின்னால் இருக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது மூட்டம். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை, அதுவும் இந்த மாதங்களில். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் நெல் அறுத்து முடித்திருப்பார்கள், வைக்கோல் கிடைக்கும். பனை ஓலைக்கு எங்கும் போக வேண்டாம். வேலி பிரித்த பழைய ஓலை, கூரை மாற்றிய ஓலை எல்லாம் ஆகும், அரிவாளால் முழம் முழமாக நறுக்கிப் பரப்பலாம். தென்னை மட்டையையும் அப்படியே. வேம்பு இலை உதிர்ப்பதும் மாசி பங்குனியில்தான். வாசலைப் பெருக்கி எரிக்கிறார்களே, அந்தச் சருகு எரிக்கிற பொருளே அல்ல. நான் பக்கத்து நான்கு வீட்டுச் சருகையும் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்கிறேன். வைக்கோலோடு வேப்பஞ்சருகு கலந்து போட்டால் கறையான் தொல்லையும் குறைகிறது.

நான்கு விரல் கனம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் வெயில் உள்ளே போய்விடும். செடியின் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், சுற்றிலும் மூன்று விரல் இடம் விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும். தண்ணீரை மூட்டத்தின் மேலே தெளித்தால் அது மூட்டத்திலேயே தங்கிவிடும், ஒதுக்கிவிட்டு மண்ணில் ஊற்றுங்கள். சீமைக் கருவேல இலையை மட்டும் தவிருங்கள். மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கும் பொருட்கள் அதில் உண்டு. அதன் நெற்றும் கலந்து வந்துவிட்டால் பிறகு பிடுங்கி மாளாது.

கரையில் ஒதுங்கும் கடற்பாசியைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பாசி நல்ல உரம்தான், ஆனால் உப்போடு வருகிறது. ஐப்பசியில் போட்டால் மழையே கழுவிக் கொடுக்கும். மாசியில் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசித்தான் போட வேண்டும். தண்ணீர் பஞ்சமான நேரத்தில் அது தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தென்னை நார்க்கழிவுக்கட்டி வாங்கினாலும் ஊறவைத்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சில கட்டிகளில் உப்பு அதிகம் இருக்கும், எண் இறங்கும் வரை அலசுங்கள்.

எங்கே ஊன்றுவது, எதை ஊன்றுவது

பார், அதாவது நீள மண்மேடு, கட்டி நடுகிறவர்கள் வழக்கமாக அதன் உச்சியில்தான் நடுவார்கள். மழைக்காலத்துக்கு அது சரி. பின்பனியில் பார் உச்சிதான் உப்புக்கும் வீடு. வாய்க்காலில் விட்ட தண்ணீர் இருபுறமும் ஏறி உச்சியில் போய் ஆவியாகிறது, உப்பை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. அதனால் பாரின் பக்கவாட்டுச் சரிவில், தண்ணீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நடுங்கள். சொட்டு நீர் போட்டிருந்தால் ஈரம் பரவும் வட்டத்தின் ஓரத்தில் உப்பு சேரும், செடி சொட்டுவானுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, புதிதாகக் கேட்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். மாசியில் எப்போதாவது ஒரு தூறல் விழும். சந்தோஷப்பட்டு அன்றைக்குத் தண்ணீர் விடாமல் இருந்துவிடாதீர்கள். சின்னத் தூறல் மேலே பூத்திருந்த உப்பைக் கரைத்து வேர் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், அதற்குக் கீழே தள்ளும் பலம் அதற்கு இல்லை. தூறல் விட்டதும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் விட்டு அந்த உப்பைக் கீழே இறக்குங்கள்.

கரிப்பான தண்ணீரை வைத்தே காய் எடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி பானைப் பாசனம். மெருகு பூசாத, தண்ணீர் கசியும் புது மண்பானை வேண்டும். மானாமதுரைப் பானை கிடைத்தால் அருமை. கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நாலைந்து விதை ஊன்றுங்கள். வேர் கேட்கக் கேட்கப் பானை கசியும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் ஆவியாகும் தண்ணீர் குறைவு, உப்பும் வேரைவிட்டு வெளியோரம் தள்ளியே நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை பானையை எடுத்துத் தேய்த்துக் கழுவாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். சுரை, பீர்க்கு, பாகல், தர்பூசணி எல்லாவற்றுக்கும் இது ஒத்துவருகிறது.

கொடிக்காய்களுக்குத் தைதான் பட்டம். புடலை, பீர்க்கு, பாகல், சுரையைத் தை முடிவதற்குள் ஊன்றிவிட்டால் வெயில் முற்றுவதற்குள் பந்தல் ஏறிவிடும். மாசி பிறந்துவிட்டதென்றால் வெண்டை, கொத்தவரை, தட்டப்பயறு, கீரைகள். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வெயில் காலத்தில் வெள்ளை ஈயால் வேகமாகப் பரவும், அதைத் தாங்கும் ரகமாகக் கேட்டு எடுங்கள். விதை முளைக்கும் பருவத்தில்தான் உப்புக்கு மிகவும் பயப்பட வேண்டும். பெரிய செடி தாங்குகிற உப்பைப் பல பயிர்களில் முளை தாங்காது. அதனால் ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, பழைய மண்ணை விலக்கி, மக்கிய தொழுவுரமும் நல்ல மண்ணும் நிரப்பி, முதல் பதினைந்து நாளுக்காவது மழைநீரோ ஏசி தண்ணீரோ விடுங்கள். குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு விட்டாலும் தப்பில்லை. அப்புறம் கிணற்றுத் தண்ணீருக்குப் பழக்கலாம். முள்ளங்கி, கேரட், பீன்ஸ் எல்லாம் ஐப்பசி கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முருங்கை இந்த நேரத்தில் பூக்கும். பூக்கும்போது கிளையை வெட்ட வேண்டாம், தண்ணீரும் அளவாக இருக்கட்டும்.

காற்று, பனி, பூச்சி

மார்கழி வரை வாடை அடித்திருக்கும். பங்குனி போகப்போகக் காற்று தெற்குக்குத் திரும்பும். பாம்பன் தீவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், வடகடல் அடங்கித் தென்கடல் எழும்பும் காலம் அடுத்து வருகிறது. மழைக்காலத்துக்காக வடக்கே காற்றுத் தடுப்பாகக் கட்டிய படலைப் பிரித்துத் தெற்கிலும் தென்மேற்கிலும் மாற்றிக் கட்டும் வேலை இப்போதே செய்ய வேண்டியது. பனை ஓலைப் படல் போதும். சுவர் மாதிரி அடைக்காமல் காற்று கொஞ்சம் புகுந்து வரும்படி இருந்தால் நல்லது, முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறித் தோட்டத்துக்குள் சுழன்று விழும். அகத்தியை வரிசையாக ஊன்றிவிட்டால் வேலியும் ஆகும், கீரையும் ஆகும்.

கடல்காற்று உப்புத் துளியைக் கொண்டுவந்து இலையில் ஒட்டுகிறது. விடியற்காலைப் பனி அதைக் கரைக்கிறது, ஏழெட்டு மணி வெயில் அந்த ஈரத்தைச் சுண்ட வைக்கிறது. இலையின் மேலேயே ஒரு சின்ன உப்பளம்! கடலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது வெயில் ஏறுவதற்கு முன் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி விடுங்கள். கரித்த கிணற்றுத் தண்ணீரை இலை மேல் தெளிக்கவே கூடாது, வேரடியில் மட்டும்.

பனி இருக்கும் வரை அவரையில் அசுவினி, பூசணி வகையில் சாம்பல் நோய். பனி போய் வெயில் ஏறியதும் மிளகாயில் இலைப்பேன், வெண்டையில் வெள்ளை ஈ. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிப்பு. வாடி நிற்கும் செடிக்கு வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள், முதலில் தண்ணீர் காட்டித் தெளியவிட்டு அடுத்த நாள் அடியுங்கள்.

உரத்திலும் உப்பு ஒளிந்திருக்கிறது. கோழி எரு, மக்காத சாணம், அடுப்புச் சாம்பல் மூன்றையும் பின்பனியில் போடாமல் ஒதுக்கி வையுங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் பொட்டாஷில் குளோரைடு உண்டு, வேண்டுமானால் சல்பேட் வடிவப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். மீன் அமிலம் செய்கிறவர்கள் பச்சை மீனின் கழிவை மட்டும் எடுங்கள், கருவாட்டுத் தலையும் தோலும் வேண்டவே வேண்டாம்.

விதை எடுக்கும் நேரம்

மழைக்காலத்துச் செடிகள் முற்றி நிற்கின்றன. அடுத்த ஐப்பசிக்கான விதையை எடுக்க வேண்டிய நாட்களும் இவைதான். நோயில்லாத, இந்த மண்ணையும் இந்தத் தண்ணீரையும் தாங்கி நன்றாகக் காய்த்த செடியில் நடுப்பறிப்புக் காய்களை ஒதுக்கிக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். கத்தரியைப் பழுத்து மஞ்சளாகும் வரை விடுங்கள். அவரையைச் செடியிலேயே காய விடுங்கள்.

குண்டுமிளகாய் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐப்பசி மழையை நம்பி வளர்ந்து, மாசியில் பழுத்து, இந்த வெயிலிலேயே வற்றலாகிற பயிர் அது. கடையில் வாங்கும் வற்றலிலிருந்து விதை உதிர்த்துப் போடுவதைவிட, உங்கள் செடியில் முதல் இரண்டு பறிப்பு கழித்து, உருண்டையாகவும் ஒரே நிறமாகவும் பழுத்த பழங்களை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு வகை மிளகாய் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மகரந்தம் கலந்துவிடும். விதைக்கென்று விடும் செடியைப் பூக்கும் முன்பே கொசுவலைத் துணியால் மூடிவிட்டால் கலப்பு வராது. உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். கூடவே அந்தச் செடிக்கு விட்ட தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வையுங்கள். என் பாட்டிலில் 1,350 என்று இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு லாத்தா போன மாசியில் ஒரு கை விதை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.